வேனில் இரண்டாவது பேட்டரி நிற்கவில்லையா? புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"பேட்டரி போச்சுங்க, புதுசு போடணும்" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். திறந்து பார்த்தால் பேட்டரி பாவம், பட்டினி கிடந்திருக்கும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறித் தின்று வயிறு வீங்கியிருக்கும். வேனுக்குள் கட்டில், ஃபிரிட்ஜ், ஃபேன், அவற்றை ஓட்ட என்ஜின் பேட்டரி போகப் பின்னால் இரண்டாவதாக ஒரு பேட்டரி எல்லாம் பொருத்திக்கொண்டு வால்பாறை, கோத்தகிரி, கொல்லிமலை என்று கிளம்புகிறவர்கள் இப்போது நம் பக்கம் நிறையப் பேர். அவர்கள் பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, அதற்குச் சோறு போகிற வழியில் மட்டும் கையில் கிடைத்த ஒயரை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பத் திரும்ப இதையே சரிசெய்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

தியரி எதுவும் கிடையாது. உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள், காசு ஆகாத காரணத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள்.

## முதலில் ஒரு மீட்டர்

டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால் டிசி ஆம்பியர் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்ததில் பெரும்பாலும் ஏசி மட்டும்தான் காட்டும், பேட்டரி ஒயரில் மாட்டினால் சைபரிலேயே நிற்கும், அதை நம்பி "சார்ஜே போகலை" என்று முடிவுகட்டி என்ஜின் ஓடும்போது சார்ஜ் கொடுக்கிற நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற ஆசிட் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஒரு ஹைட்ரோமீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் முன் சார்ஜரை நிறுத்தி, லோடு அத்தனையும் அணைத்து, நாலு மணி நேரமாவது பேட்டரியைச் சும்மா விடுங்கள். ராத்திரி விட்டுக் காலையில் அளந்தால் இன்னும் நல்லது. சார்ஜரைப் பிடுங்கிய கையோடு அளந்தால் செத்த பேட்டரிகூட 13 வோல்ட் காட்டும். அப்படி ஆறப்போட்ட லெட் ஆசிட் பேட்டரியில் 12.6, 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12.0க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். நன்றாகச் சார்ஜ் போட்டு ஆறவிட்ட பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அதற்குமேல் எந்தச் சார்ஜர் வாங்கியும் பிரயோஜனமில்லை.

## நாள் முழுக்க ஓட்டியும் ராத்திரி ஃபிரிட்ஜ் அணைந்துபோகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போய்ச் சேர்ந்திருப்பார்கள், என்ஜின் மூன்று மணி நேரம் ஓடியிருக்கும், ஆனால் பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

### டெர்மினல், லக், ஃபியூஸ்

பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கழற்றுங்கள் (நெகடிவ் முதலில்). ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழுவுகிற தண்ணீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது. ஒயர் முனையில் நசுக்கி மாட்டிய லக்கைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் ஆறு மாதத்தில் லூஸாகிவிடும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

### ஒயர் மெலிசா?

என்ஜினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடிமனான வெளியீட்டு போல்ட்டில் ஒரு முறை, பின்னால் இருக்கிற பேட்டரியின் டெர்மினலிலேயே ஒரு முறை அளக்கவும். பின் பேட்டரி காலியாக இருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் இடையில் யாரோ சாப்பிடுகிறார்கள்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் வந்தார். "ஏனுங் தம்பி, ரெண்டு வருசத்துல இது மூணாவது பேட்டரிங்க. கடைக்காரன் ஏமாத்தறானுங்களா?" "சித்தெ இருங்கண்ணா, ஒயரைப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று பின்சீட்டைத் தூக்கினேன். முன்னாலிருந்து சிவப்பாக ஒரு ஒயர், 4 ஸ்கொயர் எம்எம், தொட்டால் கதகதவென்று இருந்தது, லக் கறுத்திருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன். போக 6 மீட்டர், வர 6 மீட்டர், 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒயரிலேயே ஒரு வோல்ட் போய்விடும். முன்னால் 14.2 இருந்தால் பின்னால் 13.2க்கும் கம்மி. அந்த வோல்ட்டேஜில் லெட் ஆசிட் பேட்டரி நிறையவே நிறையாது, பாதி வயிற்றோடே கிடந்து பிளேட்டில் சல்ஃபேட் படிந்து வீணாகும். 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டால் அதே 20 ஆம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது. போட்டோம். மூன்றாவது பேட்டரியைத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை, ஆனால் முதல் இரண்டையும் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்ததை நினைத்துத்தான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

கேபிள் வாங்கும்போது ஸ்கொயர் எம்எம் பார்த்து, செம்பா என்று நறுக்கிப் பார்த்து வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் கடையில் இருக்கிறது. இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

### பிஎஸ்-6 வண்டியா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் எல்லாம் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை. அவற்றில் பலவற்றில் ஆல்டர்னேட்டரை என்ஜின் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கிறது. முன் பேட்டரி நிறைந்துவிட்டால் டீசல் மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜை 13க்குக் கீழேகூட இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 15 பக்கம் ஏற்றும். கிளம்பியதும் ஒரு முறை, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு முறை அளந்து பாருங்கள். முதலில் 14.4, அப்புறம் 12.8 என்றால் உங்களுடையது அந்த ரகம்.

இந்த வண்டியில் பழைய மாதிரி ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போட்டு இரண்டு பேட்டரியையும் சேர்ப்பது வீண் வேலை. வோல்ட்டேஜ் பார்த்துச் சேர்க்கிற ரிலே சுமார் 13.3க்குச் சேர்த்து 12.8க்குப் பிரித்துவிடும், நாள் முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. இதற்கு டிசி-டிசி சார்ஜர்தான் வழி. உள்ளே என்ன வோல்ட்டேஜ் வந்தாலும் வெளியே பேட்டரிக்கு வேண்டியதைக் கொடுக்கும். வாங்கும்போது இக்னிஷன் சிக்னல் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் சாவி அணைத்த பிறகும் முன் பேட்டரியை உறிஞ்சி, காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டிவரலாம்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஆல்டர்னேட்டர் போல்ட்டிலேயே என்ஜின் ஓடும்போது பழைய ரக வண்டியில் 13.5க்குக் கீழே, அல்லது 15க்கு மேலே நின்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள். பிஎஸ்-6 வண்டியின் சென்சார் ஒயர்களில் கை வைப்பதும் அவர்கள் வேலைதான்.

## ராத்திரி முழுக்கக் கரண்டில் போட்டும் காலையில் 12.3தான்

### வீட்டுக் கரண்டு

தோட்டத்துச் சாளையில் நிறுத்தி, மோட்டார் ரூமில் இருந்து ஐம்பது அடி மெலிசு ஒயரில் இழுத்திருப்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரத்தில் 230 வர வேண்டிய இடத்தில் 180 வரும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் அப்போது சூடாகும், ஹம்மென்று சத்தம் போடும், ஆனால் பேட்டரிக்கு ஒன்றும் போகாது. சார்ஜர் ஓடும்போது பிளக்கில் அளந்து பாருங்கள். ஒயர் மாற்றியும் சரியாகவில்லை என்றால், குறைந்த வோல்ட்டேஜிலும் வேலை செய்கிற எஸ்எம்பிஎஸ் (எலக்ட்ரானிக்) சார்ஜர் பார்க்கலாம். லேபிளில் உள்ளீடு எத்தனை வோல்ட்டில் இருந்து என்று எழுதியிருக்கும்.

### சார்ஜர் சின்னதா?

150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது ஆம்பியரை மணியால் பெருக்கிய கொள்ளளவு) பேட்டரி பாதி காலி என்றால் 75 ஏஎச் திரும்பப் போக வேண்டும். கார் பேட்டரிக்கு வாங்கிய 6 ஆம்பியர் சார்ஜரில் வெறும் கணக்குப்படியே பன்னிரண்டரை மணி நேரம், கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூட. அதற்கிடையில் ஃபேனும் ஃபிரிட்ஜும் மூன்று நாலு ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். ஆசிட் பேட்டரிக்கு ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150க்கு 15 ஆம்பியர் என்று வையுங்கள். ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய லெட் ஆசிட்) என்றால் 20 சதவீதம் வரை தாங்கும்.

### சார்ஜர் செட்டிங்

பின்பக்கம் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. ஆசிட் பேட்டரிக்கு 14.4 முதல் 14.8, ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7, ஆசிட்டைக் கூழாக்கி அடைத்த ஜெல்லுக்கு 14.1, 14.2 வரை போய், நிறைந்த பிறகு 13.5 பக்கம் இறங்கி நிற்க வேண்டும். உங்கள் பேட்டரியின் மேலேயே எண் போட்டிருந்தால் அதுதான் சட்டம். உண்மையிலேயே நிறைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 14.4ல் நிற்கும்போது ஓடுகிற ஆம்பியர் 150 ஏஎச் பேட்டரியில் 2, 3க்கு இறங்கியிருக்க வேண்டும். இன்னும் 8 ஓடுகிறது என்றால் இன்னும் பசி அடங்கவில்லை, விடுங்கள்.

### ஒரு செல் மட்டும் போய்விட்டதா?

முழுச் சார்ஜ் போட்ட பிறகு ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். ஐந்தில் 1.250க்கு மேல் வந்து ஒன்றில் மட்டும் 1.180 என்றால் அது போய்விட்டது. ஆறுமே ஒரே மாதிரி குறைவாக இருந்தால் நல்ல செய்தி, பேட்டரிக்குச் சார்ஜ்தான் பற்றவில்லை. அதற்காக ஆசிட் வாங்கி ஊற்றாதீர்கள், அந்த யோசனையைச் சொல்லாத டீக்கடை கிடையாது.

## தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, அழுகின முட்டை நாற்றம்

நாற்றம் வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். சார்ஜ் வருகிற கரண்டைச் சுவரில் அணையுங்கள். பேட்டரி மேல் இருக்கும் கிளிப்பைப் பிடுங்க வேண்டாம், பேட்டரி விடும் வாயு வெடிக்க அங்கே ஒரு பொறி போதும். தீப்பெட்டி, கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம். பேட்டரியைத் தொட்டால் சுடுகிறது, பக்கவாட்டில் உப்பியிருக்கிறது என்றால் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறவிட்டுப் பேட்டரிக் கடைக்காரரை வரச் சொல்லுங்கள்.

நாற்றம் இல்லை, தண்ணீர் மட்டும் வற்றுகிறது என்றால் பெரும்பாலும் நிறைந்ததும் தானே நிற்கிற கட்-ஆஃப் இல்லாத பழைய சார்ஜரை நாள்கணக்கில் போட்டு வைத்திருப்பீர்கள். அது இல்லையென்றால் வெயில். சார்ஜரில் எழுதியிருக்கிற 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் பேட்டரிப் பெட்டி 40 டிகிரிக்கு மேல் போகும், அப்போது 0.3, 0.4 வோல்ட் குறைவாகக் கொடுத்தால் போதும், கூடக் கொடுத்தால் கொதிக்கும். பேட்டரி மேல் ஒட்டுகிற வெப்ப சென்சார் உள்ள சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், அந்தச் சென்சாரைப் பெட்டியிலேயே மறந்துவிட்டுப் பொருத்தியவர்களும் இருக்கிறார்கள்.

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கத் தேனாக இருக்கலாம், பேட்டரிக்கு அதுவும் ஆகாது. பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்குகிற அளவு மட்டும் ஊற்றிச் சார்ஜ் போட்டு, மீதியைச் சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டு இன்வெர்ட்டரின் உயரமான டியூப்புலர் பேட்டரியைத் தூக்கி வேனில் வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், கொண்டை ஊசியில் ஆசிட் தளும்பும், குலுக்கலுக்கு என்று செய்ததும் இல்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் வெளிக்காற்றுக்குக் குழாய் விட்ட மூடிய பெட்டியில் கட்டி வையுங்கள், படுக்கைக்கு அடியில் வேண்டாம்.

## மேலே சோலார் பேனல் இருக்கிறது, சார்ஜ் வரவில்லை

முதலில் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொள்ளாச்சிக்காரர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான், ஏனென்றால் தென்னந்தோப்பு நிழலில் குளுகுளுவென்று நிறுத்திவிட்டுப் பேனலைத் திட்டுவார்கள். பேனலின் ஒரு மூலையில் ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலே பெரும்பங்கு போய்விடும். அப்புறம் தூசி, ஒரு ஈரத்துணி போதும்.

அடுத்தது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற கன்ட்ரோலர். வீட்டு மாடிக்கு வருகிற 300 வாட்டுக்கு மேற்பட்ட பேனல் 30 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். அதை விலை குறைந்த பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் மாட்டி 12 வோல்ட் பேட்டரிக்கு விட்டால் பாதிக்கு மேல் வீண், கூடுதல் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கிற எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

எல்லாம் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் எதிர்பார்ப்பைப் பாருங்கள். கூரையில் படுக்கவைத்த 300 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு யூனிட் தரும், 12 வோல்ட்டில் 75 ஏஎச் மாதிரி. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடினால் அதில் பாதிகூட வராது. சோலாரை மட்டும் நம்பி மழைக்காலத்தில் வால்பாறை போகாதீர்கள்.

## லித்தியம்: நன்றாகக் காட்டிவிட்டுப் பட்டென்று அணைகிறது

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி கடைசி வரை 13 பக்கம் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழும், வோல்ட்டைப் பார்த்து மிச்சம் சொல்ல முடியாது. ஆம்பியர் எண்ணுகிற ஷன்ட் மீட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் சைபர் காட்டுகிறது, சார்ஜரும் எடுக்க மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி காலியானதும் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்லைக் காக்கும் சர்க்யூட்) வாசலை மூடியிருக்கும். லித்தியம் மோடில் எழுப்பிவிடும் வசதி உள்ள சார்ஜர் வைத்தால் எழுந்துவிடும். லெட் ஆசிட் சார்ஜரில் பிளேட்டின் சல்ஃபேட்டைக் கரைக்க இருக்கிற டீசல்ஃபேஷன் மோடை இதில் ஒருபோதும் போடாதீர்கள். சார்ஜர் 14.2 முதல் 14.6க்குள் நிற்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற விடியற்காலையில் சார்ஜ் எடுக்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை. சைபர் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் போட்டால் செல் கெடும், அதனால்தான் நல்ல பிஎம்எஸ் தடுக்கிறது. வெயில் வரட்டும்.

ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும். ஓடும்போது பிஎம்எஸ் திடீரென்று பிரித்துவிட்டால் வோல்ட்டேஜ் எகிறி வண்டியின் எலக்ட்ரானிக்ஸையும் அடிக்கலாம். இடையில் டிசி-டிசி கட்டாயம். பேக்கைத் திறப்பது, செல் மாற்றுவது எல்லாம் விற்றவரிடமே விடுங்கள்.

## 24 வோல்ட் பஸ்: ஒரு பேட்டரி காலி, ஒன்று கொதிக்கிறது

பழைய பஸ்ஸை வாங்கி உள்ளே வீடு கட்டுகிறவர்களுக்கு வருவது. திருச்செங்கோட்டு ரிக் லாரி டிரைவர்களுக்கு இது பழகின விஷயம்: இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றில் இருந்து மட்டும் பாட்டு செட்டுக்கும் லைட்டுக்கும் 12 எடுத்திருப்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், மொத்தம் 28 கொடுக்கும். காலியானது 13ல் நிற்க, நிறைந்தது 15 வாங்கிக்கொண்டு கொதிக்கும். இரண்டையும் தனித்தனியே முழுச் சார்ஜ் போட்டு, நடுவில் இருந்து எடுத்த ஒயரைக் கழற்றிவிட்டு, 24க்கு 12 கன்வெர்ட்டர் வையுங்கள். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழசும் புதுசும் ஜோடி சேராது.

## கரண்டு மாட்டிய வேனைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதில் நீங்கள் சோதிக்க எதுவுமே இல்லை. சுவரில் மெயினை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கரண்டு கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## சரி, எதைத்தான் வாங்குவது?

வாரக்கடைசியில் மட்டும் போய், வந்ததும் வீட்டில் நிறுத்துகிறவருக்கு நல்ல மூன்று கட்டச் சார்ஜர் (முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக, நிறைந்ததும் 13.5 பக்கம் இறங்கி நிற்கிறது) ஒன்று போதும், சோலார் ஆசை வேண்டாம். தினமும் இடம் மாறுகிறவருக்கு டிசி-டிசி: 150 ஏஎச் ஏஜிஎம்முக்கு 20 ஆம்பியர், 100 ஏஎச் லித்தியத்துக்கு 30. ஒரே இடத்தில் மூன்று நாலு நாள் நிற்கிறவருக்குத்தான் சோலார் முதலில். மூன்றும் வேண்டும் என்று ஒரே நாளில் வாங்கிக் குவிக்காதீர்கள், ஒன்றைப் போட்டு ஒரு பயணம் போய்வந்து மீட்டரைப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் கேபிளின் லக்கை மட்டும் ஹைட்ராலிக் கிரிம்பிங் வைத்திருக்கிற கடையிலேயே அடித்து வாங்கிவிடுங்கள். நீளத்தை ஒரு கயிறு போட்டு அளந்துகொண்டு போங்கள், ஒரு சாண் கூடவே இருக்கட்டும். குறைந்துவிட்டால் நடுவில் ஜாயின்ட் போடச் சொல்லும், அப்புறம் மறுபடியும் முதல் தலைப்பில் இருந்து படிக்க வேண்டியிருக்கும்.